மொறிஸ் மைனரும் ஒன்றரை ரொக்கரும்

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்களுக்கு மொறிஸ் மைனர் பழைய கார் இல்லை, சும்மா கார். கலியாண வீடு, ஆஸ்பத்திரி, ரவுண் எண்டு ஓடித்திரிந்த வண்டி. 1964இல் மொன்ரே கார்லோ ராலியை வென்ற மினி கூப்பர் எஸ்ஸும் எங்கட மைனரும் எஞ்சினால் ஒரே குடும்பம் என்பதை நாங்கள் பிந்தித்தான் அறிந்தோம். (கலைப்பீடத்துப் பெடியளுக்கு எஞ்சின் எதுக்கு எண்டு கேக்காதேங்கோ. இதுவும் வரலாறுதான்.)

அந்தக் குடும்பத்தின் பெயர் ஏ-சீரிஸ். 1951இல் ஒஸ்ரின் ஏ30 காருக்காக 803 சிசியில் வந்தது. அடுத்த வருடமே மைனருக்குள்ளும் போனது. கம்ஷாஃப்ட் கீழே, எஞ்சின் புளொக்குக்குள் சுழலும். அதன் மேடு புஷ்ரொட்டை மேலே தள்ள, புஷ்ரொட் ரொக்கரின் ஒரு நுனியைத் தூக்கும், மறு நுனி வால்வை அமுக்கித் திறக்கும். ரொக்கர் எங்கள் கிணற்றடித் துலா மாதிரித்தான். அச்சு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மறுபக்கம் கூடவோ குறையவோ அசையும்.

இந்த எஞ்சினுக்குப் பிறவிக் குறை ஒன்று உண்டு. நாலு சிலிண்டருக்கும் காற்றும் பெற்றோலும் போக இரண்டே வழி. 1ஆம், 2ஆம் சிலிண்டர்களுக்கு ஒன்று, 3க்கும் 4க்கும் மற்றது. வெடிப்பு வரிசை 1-3-4-2 என்பதால் ஒரே வழியைப் பங்குபோடும் இரண்டும் அடுத்தடுத்து இழுக்கும். 2 குடித்து முடிக்கமுதல் 1 வாயைத் திறந்துவிடும். பிறகு அந்த வழி நெடுநேரம் சும்மா கிடக்கும்.

1961இல் ஜோன் கூப்பரின் பெயரோடு மினி கூப்பர் வந்தபோது, 34 குதிரைவலுவாக இருந்த மினி 55 ஆனது. அதற்குப் பிறகு ஆளாளுக்கு வேகம் தேடினார்கள். முதலில் கை போவது கம்ஷாஃப்ட்டில்தான்: வால்வை நீண்டநேரம் திறந்து வைக்கும் ரேஸ் கம். உச்ச வேகத்தில் அது பறக்கும். ஆனால் திறப்பு நேரம் கூடக்கூட, பக்கத்துச் சிலிண்டரின் பங்கைப் பறிப்பதும் கூடும். மெதுவாக ஓடும்போது எஞ்சின் இருமும், ஐடிலில் நிக்காது.

இங்கேதான் ரொக்கர் வருகிறது. ஏ-சீரிஸ் ரொக்கரின் விகிதம் ஏறத்தாழ 1.25. கம் 6 மி.மீ. தூக்கினால் வால்வு 7.5 மி.மீ. திறக்கும். 1.5 ரொக்கர் போட்டால் அதே கம்மில் 9 மி.மீ. வால்வு திறக்கும், மூடும் நேரம் ஏறக்குறைய மாறாது. திறந்திருக்கும் அளவு கூடும். பறிப்பைக் கூட்டாமல் மூச்சைக் கூட்டலாம். டேவிட் விசார்ட் இந்த எஞ்சினைப் பற்றி எழுதிய தடித்த புத்தகம் இந்த வழியைப் பலருக்குக் கொண்டுபோனது. இலவசமில்லைத்தான்: கம்மில் சுமை ஏறும், தேய்வும் கூடும், ஸ்பிறிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டுதா எண்டு பார்க்கவேணும். எங்களுக்குக் கேட்டால், ரோட்டில் ஓடும் காருக்கு மிதமான கம்மும் 1.5 ரொக்கரும்தான் புத்தியான தெரிவு.

அந்த மிதமான கம்மின் அருமை வேறோர் இடத்திலும் தெரிந்தது. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக்குள், எங்கட மைனர்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானபிறகு மாற்றவேணும். மெதுவாக ஓடும்போதே ஒழுங்காக இழுக்கிற கம் அதற்கு வேணும். ரேஸ் கம் போட்ட எஞ்சின் அந்த எண்ணெயில் கண் முழித்திருக்காது.

கூப்பரின் வெற்றிகளுக்குப் புத்தகங்கள் நிறைய இருக்கு. மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர்களின் கணக்கை எழுதிய ஒரு புத்தகத்தையும் நாங்கள் இன்னும் காணவில்லை. அதனால் போன மாதம் கொப்பியோடு ஒரு கராஜுக்குப் போனோம். எழுபது தாண்டிய ஐயா ஒருவர் மைனர் ஒன்றின் ரொக்கர் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். வால்வு இடைவெளி எவ்வளவு ஐயா எண்டு கேட்டோம். "பன்னிரண்டு தவ், தம்பி," எண்டார் நிமிராமலே. பிரித்தானியக் கைநூலிலும் அதே 0.012 அங்குலம்தான். மிச்சத்தைக் கேட்க அடுத்த சனிக்கிழமையும் போறம்.