தள்ளாட்டம், தடுமாற்றம், திணறல்

உடலோ மனமோ நிலைகொள்ளாமல் அலைவதைக் குறிக்கும் சொற்கள். ஆங்கிலத்தின் ‘ஸ்டாகர்’, ‘வேவர்’ இரண்டும் பழைய நோர்ஸ் மொழிவழி வந்தவை. ‘ஓவர்வெல்ம்’ என்பதிலுள்ள ‘வெல்ம்’ முதலில் கவிழ்த்தலைக் குறித்தது. ‘ஸ்டாகர்’ என்பதற்கு ஒரே தமிழ்ச்சொல் தேடுவது வீண்வேலை. குடித்தவனுக்கும் முதியவருக்கும் தள்ளாட்டம் (முதுமையின் இயலாமைக்கே ‘தள்ளாமை’ என்று பெயர்). குழந்தைக்கோ தளர்நடை, அதில் குறையே இல்லை. பேச்சிலும் முடிவெடுப்பதிலும் தடுமாற்றம், வெள்ளத்தில் தத்தளிப்பு, மூச்சு முட்டினால் திணறல், கையில் காசில்லையேல் திண்டாட்டம். ‘தயங்கு’ பழைய இலக்கியத்தில் அசைதலையும் குறித்தது. இன்று பெரும்பாலும் மனத்தயக்கம்தான்.

  தமிழ் எல்லையை ஒட்டிய ஆந்திர ஊரான வடமாலபேட்டை வட்டாரத்தின் தெலுங்கிலும் இதே நுணுக்கம் உண்டு: போதையில் ஆடுவது ‘தூலு’, நாக்கும் காலும் பிசகுவது ‘தடபடு’, உள்ளம் பதைப்பது ‘தல்லடில்லு’. இத்தகைய சொற்களைத் தேட இரு அகராதிகள் உதவும்: சி. பி. பிரவுனின் தெலுங்கு–ஆங்கில அகராதி 1852-இல் வெளிவந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை தொகுதிகளாக அச்சேறியது.