சாத்தான் என்று பெயர் வாங்கிய பல்லி

மடகாஸ்கர் மழைக்காடுகளில் இலைவால் பல்லிகள் என்று ஒரு இனக்கூட்டம் இருக்கிறது. இவற்றைப் பற்றி 1658-லேயே எழுதியவர் எத்தியேன் தெ ஃப்ளக்கூர். தீவின் தென்கோடியில் இருந்த பிரெஞ்சுக் குடியேற்றத்தின் ஆளுநராக இருந்தவர். கிட்டே போகும் மனிதரின் மார்பில் இது பாய்ந்து ஒட்டிக்கொள்ளும், சவரக் கத்தியால்தான் பிரித்தெடுக்க முடியும் என்று அங்குள்ள மக்கள் நடுங்குவதாகக் குறித்து வைத்தார்.

பல்லி விழுந்தால் பலன் பார்க்கிற நாம் இதைக் கேட்டுச் சிரிக்க முடியாது! ஆனால் விஷயம் அவ்வளவு பயங்கரமில்லை. விஷம் கிடையாது. இரவில் பூச்சி பிடித்துத் தின்னும். பகலெல்லாம் அசையாமல் கிடக்கும். மிரட்டினால் சிவந்த வாயைத் திறந்து காட்டும், அவ்வளவுதான்.

1888-ல் பிரிட்டிஷ் மியூசியத்தின் புலெஞ்சர் இக்கூட்டத்தில் ஒரு சிறிய இனத்துக்கு 'ஃபன்டாஸ்டிகஸ்' என்று பெயரிட்டார். கற்பனையில் தோன்றியது என்று பொருள். பொருத்தமான பெயர்தான். வால் அப்படியே பூச்சி அரித்த சருகு, உடம்பில் இலை நரம்பு மாதிரி கோடுகள். கண்ணுக்கு மேலே கொம்பு போல நீட்டிக்கொண்டிருப்பதால் ஆங்கிலத்தில் 'சாத்தான்' பட்டமும் சேர்ந்தது.

அந்த விசித்திர உருவமே வினையானது. செல்லப்பிராணியாக வளர்க்க வெளிநாடுகளில் கிராக்கி ஏற்பட்டு, காட்டிலிருந்து பிடித்து ஏற்றுமதி செய்தார்கள். 2004-ல் பாங்காக்கில் கூடிய சைட்டிஸ் மாநாடு இலைவால் பல்லிகள் அனைத்தின் வணிகத்துக்கும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. காட்டை எரித்து நெல் விதைப்பதை அந்த ஒப்பந்தம் தொடவில்லை. மரம் போனபின் சருகு வேஷம் போட்டு எங்கே ஒளிவது?