குருவின் கட்டிலருகே ஒரு மன்னர்

சென்ற வாரம் தஞ்சை மன்னர் துளஜாவின் மரணப் படுக்கையோடு நிறுத்தியிருந்தேன். அது 1787. அவர் தத்தெடுத்த சரபோஜிக்கு அப்போது 10 வயது. பிள்ளையை உங்கள் பொறுப்பில் விடுகிறேன் என்று மன்னர் சொன்னதும் ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ் தயங்கினார். மன்னரின் தம்பி அமர்சிங் பார்த்துக்கொள்வதே முறை என்றார். அந்த யோசனை சிறுவனைப் படாதபாடு படுத்திவிட்டது. அமர்சிங் தாமே அரியணை ஏறினார். சரபோஜி படிப்பு வாசனையே இல்லாமல் அடைபட்டுக் கிடந்தார். சுவார்ட்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனி அரசிடம் விடாமல் முறையிட்டு, 1793-ல் அவரைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். சரஸ்வதி மகால் நூலகத்தைச் செழிக்கச் செய்ததும், உலகப் பூகோளத்தைத் தேவேந்திரக் குறவஞ்சியாக மராத்தியில் பாடியதும் அந்தப் படிப்பின் விளைச்சல்.

1798 பிப்ரவரி 13-ல் சுவார்ட்ஸ் தஞ்சையில் இறந்தார். முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சரபோஜி கேட்டதால் அடக்கத்தைத் தள்ளிவைத்துக் காத்திருந்தார்கள். வந்தவர் அழுதார். அதே ஆண்டு அவருக்குப் பட்டம் சூட்டினார்கள்; மறு ஆண்டே ஒப்பந்தம் போட்டு, கோட்டையும் சுற்றுப்புறமும் நீங்கலாக நாட்டைக் கம்பெனி எடுத்துக்கொண்டது.

1803-ல் பெரிய கோயில் சுவரில் தம் போன்சலே வம்ச வரலாற்றை மராத்தியில் வெட்டச் செய்தவர் இந்தச் சரபோஜிதான். குலப்பெருமைக்கு அந்தக் கல்வெட்டு. குருவுக்கோ லண்டனில் பளிங்குச் சிற்பம் செய்யச் சொல்லி அனுப்பினார். செதுக்கியவர் ஜான் பிளாக்ஸ்மன், அந்நாளில் இங்கிலாந்தின் பெயர்பெற்ற சிற்பி.

கட்டிலில் சுவார்ட்ஸ் படுத்திருக்கிறார். அவர் கையைப் பற்றியபடி சரபோஜி நிற்கிறார். அமைச்சர்கள் உடன் இருக்கிறார்கள். தலைமாட்டில் சரபோஜிக்குச் சென்னையில் ஆதரவளித்த பாதிரியார் கெரிக்கே. கால்மாட்டில் பள்ளிப் பிள்ளைகள். மன்னர் தாம் பணம் கொடுத்துச் செய்வித்த சிற்பத்தில் தமக்கென்று அரியணை கேட்கவில்லை. விடைபெற வந்த மாணவனாக நிற்கிறார். சென்னைக் கோட்டையின் மரியன்னை ஆலயத்தில் கம்பெனியும் சுவார்ட்ஸுக்குப் பளிங்கு நினைவுச்சின்னம் வைத்தது. அது ஓர் அரசாங்கம் செலுத்திய மரியாதை. தஞ்சைச் சிற்பத்தில் இருப்பது பாசம். என் மனம் அதில்தான் நிற்கிறது.

தஞ்சைக்குப் போனால் பெரிய கோயிலோடு திரும்பிவிட வேண்டாம். பக்கத்திலேயே, சிவகங்கைக் குளத்தருகே, 1779-ல் கட்டிய சுவார்ட்ஸ் ஆலயம் இருக்கிறது. சிற்பம் அங்கேதான்.

மதம் பரப்ப வந்தவர் வளர்த்த பிள்ளை கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார். குருவின் கல்லறைக் கல்லுக்கு அவரே ஆங்கிலத்தில் கவிதை எழுதி, அதில் சுவார்ட்ஸைத் தம் தந்தை என்றே அழைத்தார். 1826-ல் தஞ்சைக்கு வந்த பிஷப் ஹீபர், ஆங்கிலத்தில் ஓர் இந்திய மன்னர் செய்யுள் இயற்றியதை வியந்து கடிதத்தில் குறித்துவைத்தார்.

அடுத்த வாரம், சரபோஜியின் கண் மருத்துவக் குறிப்பேடுகள்.