அலுமினியக் குடில் பிறந்த கதை

ஐரோப்பிய ராபின் கைக்குள் அடங்கும் சின்னக் குருவி. அது புவிக்காந்தத்தைத் தடம் பிடித்து வலசை போகிறது என்று வோல்ஃப்காங் வில்ச்கோ 1960களிலேயே ஃபிராங்க்ஃபர்ட்டில் காட்டிவிட்டார். டென்மார்க்காரரான ஹென்ரிக் மௌரிட்சன், ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய முனைந்தார்.

வலசைக்காலத்தில் இரவானால் ராபினுக்கு இருப்புக்கொள்ளாது. வானம் தெரியாத மரக்குடிலில், புனல் போன்ற கூண்டில் அதை விட்டால், போகத் துடிக்கும் பக்கத்துச் சரிவில் நகம் கீறும். கீறல் பதிய முன்பு டைப்ரைட்டர் திருத்தத் தாள் ஒட்டினார்கள். பிறகு, நம் கடைகளில் பில் அடிக்கிறார்களே, அந்த வெப்பத்தாள் வகைக்கு மாறினார்கள். கீறல்களை எண்ணினால் திசை தெரிந்துவிடும்.

ஓல்டன்பர்கில் தெரியவில்லை. வசந்தத்தில் வடக்கே போகவேண்டிய பறவைகள் நாலாபக்கமும் கீறிவைத்தன. எதை எதையோ மாற்றிப் பார்த்தும் பலன் இல்லை.

வழி சொன்னவர் நரம்புகளின் மின் துடிப்பை அளக்கும் ஆய்வாளர் நில்ஸ்-லாஸ்ஸே ஷ்னைடர். அந்தத் தொழிலில் சுற்றுப்புற மின் இரைச்சல் அன்றாடத் தொல்லை. கருவியை உலோகக் கூண்டில் வைத்து எர்த் கொடுப்பது வழக்கம். குடிலுக்கும் அதையே செய்தால் என்ன? அலுமினியத் தகடு போர்த்தி எர்த் கொடுத்தார்கள். புவிக்காந்தம் அலுமினியத்தைத் தாண்டித் தடையின்றி வரும்; ரேடியோ அலைகள்தான் மட்டுப்படும். ராபின்கள் வடக்கைப் பிடித்துவிட்டன.

மௌரிட்சன் உடனே நம்பிவிடவில்லை. அதுதான் எனக்குப் பிடித்த இடம். எர்த் ஒயரைக் கழற்றினார்கள், பறவைகள் தடுமாறின. மாட்டினார்கள்; தெளிந்தன. தகட்டுக்குள்ளேயே செயற்கை இரைச்சலை விட்டபோதும் திசை தப்பியது. பறவையைச் சோதிக்கும் மாணவருக்கு இரைச்சல் இருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்லவே இல்லை. இப்படி ஏழு ஆண்டுகள். 2014இல்தான் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது.

‘2.0’ படம் பார்த்தவர்கள் உடனே செல்போன் டவரைக் கைகாட்டுவார்கள். அவசரம் வேண்டாம். இங்கே குற்றவாளி 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இரைச்சல். செல்போன் அலைகள் அதற்கு வெகு மேலே. மின்கருவிகள் கசியவிடுவதும், நாம் ரேடியோவைத் திருகிக் கேட்ட மீடியம் வேவும் இந்த வரிசையில் அடக்கம். இந்த இரைச்சலின் வலு புவிக்காந்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு மெலிந்த ஒன்று எப்படித் திசையைக் குலைக்கிறது என்று இயற்பியலாளர்கள் இன்னும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

நகரத்துக்கு வெளியே, இரைச்சல் குறைந்த இடத்தில் ஒரு வெறும் மரக்குடிலிலும் ராபின்களை விட்டுப் பார்த்தார்கள். அங்கே அலுமினியம் தேவைப்படவில்லை.