பாய்மரப் படகுப் போட்டி (பெங்களூரு)

கடலிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி, 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் பாய்மரப் படகோட்டத்தின் இடம் அல்சூர் ஏரி. தமிழர்கள் நெடுங்காலமாக வாழும் அல்சூரில், ஏரியையொட்டியே மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவின் தலைமையகம் உள்ளது. அதன் வீரர்களுக்குத் ‘தம்பிகள்’ என்பது செல்லப்பெயர். அங்குள்ள திரிஷ்ணா பாய்மரக் கழகம், 1985–87இல் ராணுவப் பொறியாளர்கள் உலகைச் சுற்றிவந்த ‘திரிஷ்ணா’ படகின் பெயரைத் தாங்கியது. பாய்மரத்தில் உலகைச் சுற்றிய முதல் இந்தியக் குழு அவர்களே.

பாய்மரப் போட்டியில் ஓட்டப்படும் படகுகளுள் ஒன்று ‘லேசர்’ எனப்பட்ட, இன்று ஐ.எல்.சி.ஏ. 7 எனப்படும் ஒற்றையாள் படகு. நீளம் 4.23 மீட்டர், ஒரே பாய், 7.06 சதுர மீட்டர். எல்லாருக்கும் ஒரே அமைப்புள்ள படகு என்பதால் வெற்றி ஆளைப் பொறுத்தது. படகு சாயாமலிருக்க, போட்டியாளர் கால்களைப் பட்டையில் மாட்டி உடலை வெளியே தொங்கவிட வேண்டும். தொடையும் வயிறும் எரியும். ஏரியில் மரங்களும் கட்டடங்களும் காற்றைத் திருப்பிவிடும். கடலிலோ அலையையும் நீரோட்டத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வேலூரில் பிறந்த ராணுவ வீரர் விஷ்ணு சரவணன் 2021இல் இந்த லேசர் படகில் ஓமனின் முசன்னாவில் டோக்கியோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்று, ஒலிம்பிக்கில் 20ஆம் இடம் பிடித்தார். ஹாங்சோ ஆசியப் போட்டியில் வெண்கலம் வென்றார். அதே முசன்னாவில், சென்னையின் நேத்ரா குமணன் ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார்.