பூப்பு என்னும் உருவகமும் பால்ய மணத்தின் வரலாறும்

சிற்றிலக்கியம் பயிற்றும் ஆசிரியர்கள் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை முதலான எழுபருவத்தை மாணவர்க்கு விளக்குவது வழக்கம். பாட்டியல் நூல்கள் வயதெல்லை கூறுவதில் தம்முள் வேறுபடினும், பெதும்பைப் பருவம் 8 முதல் 11 வரை என்பது பெருவழக்கு. மனப்பாடம் செய்யப்படும் இவ்வெண்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவின் நீதிமன்றங்களிலும் சட்டமன்றத்திலும் உயிர்ப் பிரச்சினையாகின. அவ்வரலாற்றைச் சொற்களின் வழியே அணுகிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1890-ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஒரு வழக்கு நடைபெற்றது. 11 வயதினளான புல்மணி தாசி என்னும் சிறுமி, தன்னைவிடப் பல ஆண்டுகள் மூத்த கணவன் ஹரி மோகன் மைத்தியின் வன்புணர்ச்சியால் குருதிப்போக்குற்று இறந்தாள். எனினும், அவன்மீது வன்புணர்ச்சிக் குற்றம் சாட்டச் சட்டத்தில் இடமில்லை. 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் மனைவிக்கு வகுத்திருந்த வயதெல்லை 10. புல்மணியோ அதனைக் கடந்துவிட்டாள். கவனமின்றிக் கொடுங்காயம் விளைவித்த குற்றத்திற்காக அவனுக்கு ஓராண்டுக் கடுங்காவல் கிடைத்தது. சட்டத்தின் கண்ணில் அவள் சிறுமியல்லள், மனைவி. 'மனைவி' என்னும் ஒரு சொல் 'சிறுமி' என்னும் சொல்லை முற்றாக மறைத்துவிட்டது.

இவ்வழக்கு எழுப்பிய அதிர்ச்சியாலும், பம்பாயின் பெஹ்ராம்ஜி மலபாரி 1884 முதல் நடத்திவந்த பரப்புரையாலும், 1891 மார்ச்சில் இசைவு வயதுச் சட்டம் நிறைவேறியது. வயதெல்லை 10-இலிருந்து 12 ஆயிற்று. இரண்டே ஆண்டுகள்தாம், ஆயினும் எதிர்ப்போ மிகப் பெரிது. திலகர் போன்றோர், அந்நிய அரசு சமய வாழ்வில் தலையிடலாகாது என்றனர். முதல் பூப்பினை அடுத்துக் கர்ப்பாதானச் சடங்கு நிகழவேண்டும், அதனைத் தள்ளிப்போடுவது பாவம் என்பது வைதிகர் வாதம்.

இங்கு மொழி மாணவர் சற்றே நின்று நோக்கவேண்டும். 'பூப்பு' என்பது அழகிய உருவகம். பூத்த செடி காய்க்கும் என்னும் எதிர்பார்ப்பு அச்சொல்லிலேயே பொதிந்துள்ளது. ஆனால் மனித உடல் செடியன்று. முதல் மாதவிலக்கிற்குப் பின்னரும் இடுப்பெலும்பு சில ஆண்டுகள் வளர்கிறது. அவ்வளர்ச்சி முற்றுப்பெறாத நிலையில் மகப்பேறு நேர்ந்தால், குழந்தையின் தலை இறங்க வழியின்றிப் பேறு தடைப்படும். நாட்கணக்கில் நீளும் அவ்வலியில் தாய் இறப்பதுண்டு. பிழைத்தாலும், நெடுநேரம் அழுத்தப்பட்ட திசு அழிந்து, சிறுநீர்ப்பைக்கும் பிறப்புவழிக்கும் இடையே துளை விழுவதுண்டு. அவ்வாறு துளை விழுந்தவள் சிறுநீரை அடக்கவியலாமல், நாற்றத்தின் பொருட்டுக் கணவனாலும் சுற்றத்தாலும் ஒதுக்கப்படுவாள். இளந்தாயர்க்குக் குருதிக்கொதிப்பால் வரும் வலிப்பும் மிகுதி. குழந்தைகளும் எடை குறைந்து பிறக்கின்றன. உருவகம் சொல்லும் காலமும் உடல் சொல்லும் காலமும் வேறு என்பதை வைதிகர் மட்டுமன்றி, 12 என்று எல்லை வகுத்த ஆட்சியாளரும் காணவில்லை என்பது என் துணிபு.

தமிழகத்து வழக்கில் இன்னொரு சொல்லிணை கருதத்தக்கது. சிறு வயதில் நிகழ்வது கல்யாணம். பூப்பெய்திய பின் நிகழ்வது சாந்திக் கல்யாணம். முன்னது வெறும் உறுதிப்பாடே, பின்னதே இல்லறத் தொடக்கம், ஆகவே தீங்கில்லை என்று பலர் வாதிட்டனர். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால், இடையில் மணமகன் இறந்துவிட்டால்? அப்போது அந்த 'வெறும் உறுதிப்பாடு' முழுத் திருமணமாகிவிடும். சிறுமி வாழ்நாள் கைம்பெண்ணாவாள். தீங்கை மறுக்கும்போது மணம் பொய். கைம்மையைச் சுமத்தும்போது அதே மணம் மெய். இம்முரணை 1891-ஆம் ஆண்டுச் சட்டம் தொடவேயில்லை. அது புணர்ச்சிக்கு வயது விதித்ததேயன்றி மணத்திற்கு விதிக்கவில்லை. மைசூர் அரசு மட்டும் 1894-இல் 8 வயதிற்குட்பட்ட சிறுமியரின் மணத்தைத் தடைசெய்தது.

சென்னையில் இம்முரணைத் தம் இல்லத்திலேயே எதிர்கொண்டவர் சுதேசமித்திரன் நிறுவனர் ஜி. சுப்பிரமணிய ஐயர். இளமையிலேயே கைம்பெண்ணான தம் மகளுக்கு 1889-இல் பம்பாயில் மறுமணம் செய்துவைத்தார். அ. மாதவையா 1903-இல் வெளியிட்ட 'முத்துமீனாட்சி' என்னும் புதினம் ஓர் இளங்கைம்பெண்ணே தன் கதையைக் கூறுவதாக அமைந்தது. தமிழ் உரைநடையில் 'நான்' என்னும் தன்மைச் சொல்லை அத்தகைய பெண்ணின் வாயில் வைத்தது சிறு செயலன்று. சிறு வயதிலேயே கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமி 1911-இல் பட்டம் பெற்று, தம்மையொத்த சிறுமியர்க்குச் சென்னையில் இல்லமும் கல்வியும் அமைத்தார். அச்சிறுமியருள் பலர் பின்னர் ஆசிரியைகளாயினர்.

1928-இல் மோரோபந்த் ஜோஷி தலைமையில் அமைந்த குழு, நாடெங்கும் சான்று திரட்டி மறு ஆண்டு அறிக்கை அளித்தது. மனைவிக்கு இசைவு வயது 15 என்று பரிந்துரைத்த அக்குழு, அதனை மீறுவதை வன்புணர்ச்சி என்னாது 'மணவாழ்வில் தவறான நடத்தை' என்று பெயரிட விழைந்தது. குற்றத்தின் பெயரை மென்மையாக்கினால் தண்டனையும் மென்மையாகும் என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டா.

அவ்வாண்டே ஹர் பிலாஸ் சாரதா கொணர்ந்த சட்டம் நிறைவேறி, மணவயது பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என வரையறுத்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கு 16 வயதிற்கு மேல் வேண்டும் எனத் தீர்மானித்திருந்தது. அம்மாநாட்டின் கருத்துகளோடு ஈ.வெ.ரா. அவ்வாண்டு இறுதியில் மலாயாவுக்கு வந்தார் என்பதை நம் மாணவர் நினைவிற் கொள்ளலாம். சாரதா சட்டம் செப்டம்பரில் நிறைவேறியும் 1930 ஏப்ரல் முதல் நாளன்றே நடைமுறைக்கு வந்தது. அந்த ஆறு மாத இடைவெளியில், தடை வருமுன் முடித்துவிட எண்ணிப் பெற்றோர் திரள்திரளாகக் குழந்தைகளுக்கு மணம் முடித்தனர். சட்டத்திலும் ஓட்டைகள் பல: மீறிச் செய்த மணம் செல்லும், காவல்துறை தானாகத் தலையிட இயலாது, எவரேனும் முறையிடவேண்டும், முறையிடுவோரிடம் நூறு ரூபாய் வரை பிணையும் கேட்கப்பட்டது. அயலாரைப் பகைத்து நூறு ரூபாயும் கட்டத் துணிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பர்!

மணவயது 1949-இல் 15 ஆகவும், 1978-இல் 18 ஆகவும் உயர்ந்தது. ஆனால் தண்டனைச் சட்டத்தில் மனைவிக்கென விடப்பட்ட விலக்கு வேறு வழியில் நடந்தது: 1860-இல் 10, 1891-இல் 12, 1925-இல் 13, 1949-இல் 15. அங்கேயே அது நின்றுவிட்டது. 1978-க்குப் பின், 18 வயது நிரம்பாதவள் மணம் செய்யலாகாது என்று ஒரு சட்டமும், 15 நிரம்பிய மனைவி கணவன்மீது முறையிட இயலாது என்று மற்றொரு சட்டமும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அருகருகே வாழ்ந்தன. 2017 அக்டோபரில்தான் இந்திய உச்ச நீதிமன்றம் அவ்விலக்கை 18-க்கு உயர்த்திப் பொருள்கொண்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 20 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில் 18-க்கு முன் மணமானவர் 23.3 விழுக்காட்டினர். புல்மணி பிறந்த வங்கத்தின் மேற்குப் பகுதியில் அது 41.6 விழுக்காடு.