நாற்றம் என்றொரு நல்ல சொல்

பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் நின்று, "மல்லிகை நாறுகிறதே!" என்று சொல்லிப் பாருங்கள், நேயர்களே. கடைக்காரர் சண்டைக்கே வருவார்! வள்ளுவர் காலத்தில் அது பாராட்டு. அரும்புக்குள் அடங்கிய மணத்தை 1274-ஆம் குறளில் அவர் நாற்றம் என்கிறார். காதலியின் புன்னகைக்குள் ஒளிந்த குறிப்புக்கு அதை உவமையாக்குகிறார். ஆண்டாளும் திருமாலின் வாய்மணத்தைச் சங்கிடம் கேட்கையில் 'நாறு' என்னும் வினையையே ஆள்கிறாள்.

காலப்போக்கில் அச்சொல் கெட்ட வாடைக்கே உரியதாயிற்று. ('வாடை'யும் முதலில் வடகாற்றின் பெயர்தான்!) இன்று மானம் போனால்கூட 'நாறிப்போச்சு' என்கிறோம்.

கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஒட்டுப்பால் மூட்டை சுமந்து திரும்பிய பெற்றோரைப் பார்த்து, பள்ளிக்கூடம் போன நாமே 'நாறுது' என்று மூக்கைப் பொத்தியிருக்கிறோம். அந்த மூட்டையின் எடைக்குக் கிடைத்த காசில்தான் நமக்குப் புத்தகம் வந்தது. அதன் தாளை முகர்ந்து, 'வாசம்' என்றோம்.